தந்தையார் காலத்திலிருந்து வாசித்த வார இதழை அதன் அரசியல் சார்புக்காக நிறுத்தலாமா?

கேள்வி: பழைய சந்தாதாரர், கும்பகோணம்

வணக்கம். என் தந்தையார் காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு தமிழ் வார இதழ் வந்துகொண்டிருக்கிறது. அதன் பெயரை இங்கே சொல்லாமல் விடுகிறேன். சொன்னால் பேச்சு அந்த இதழை விரும்புகிறவர்களுக்கும் வெறுக்கிறவர்களுக்கும் இடையிலான சண்டையாக மாறி, நான் கேட்க வந்தது தொலைந்துபோகும். அடுத்த மாதம் ஆண்டுச் சந்தாவைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிப்பதா, இத்துடன் விட்டுவிடுவதா என்று முடிவுசெய்ய இயலாமல் இதை எழுதுகிறேன்.

இதழுக்கு ஓர் அரசியல் நிலைப்பாடு இருக்கிறது என்பது என் குறையே அன்று. என் தந்தையார் வாசித்த காலத்திலும் அதற்கு ஒரு நிலைப்பாடு இருந்தது. அதைத் தலையங்கத்தில் வெளிப்படையாக எழுதினார்கள். ஏற்காதவர்களின் கடிதங்களை இரண்டு வாரம் கழித்து வாசகர் பக்கத்தில் வெட்டாமல் வெளியிட்டார்கள். அப்பா காங்கிரஸ்காரர். அவர் மதித்த தலைவர்களைக் கேலிச்சித்திரத்தில் கடுமையாக வாரிய வாரங்களில் முகம் சுளிப்பார். ஆனாலும் அடுத்த இதழ் வரத் தாமதமானால் முகவர் வீட்டுக்கு ஆள் அனுப்பிவிடுவார்.

இப்போது நடப்பது வேறு. சில ஆண்டுகளாகச் சார்பு தலையங்கப் பக்கத்தைவிட்டு இறங்கிச் செய்திப் பக்கங்களுக்குள் குடியேறிவிட்டது. ஒரு தரப்பின் அமைச்சர்மீது குற்றச்சாட்டு எழுந்தால் அது அட்டைப்படக் கட்டுரையாகிறது. அதே வகையான குற்றச்சாட்டு மறுதரப்பின்மீது எழுந்து, நாளிதழ்கள் எல்லாம் எழுதிய பிறகும், இங்கே ஒரு வரிகூட வருவதில்லை. ஆதாரம் போதாத இடங்களில் தலைப்பின் கடைசியில் ஒரு கேள்விக்குறியைச் சேர்த்துவிடுகிறார்கள். பெயர் சொல்லாத உள்வட்டாரங்கள் தெரிவித்ததாக வரும் பக்கத்தில் வாரந்தோறும் ஒரே தரப்பின் உட்கட்சிப் பூசல் மட்டுமே இடம்பெறுகிறது. ஒரு தலைவரைப் பேட்டி காணும்போது குறுக்குக் கேள்விகள் கேட்கும் அதே நிருபர், இன்னொருவரிடம் அவருடைய வெற்றிக்கான காரணத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார். ஒரு கட்டுரையில் இருந்த தகவல் பிழையைச் சுட்டிக்காட்டி நான் அனுப்பிய கடிதத்துக்குப் பதிலும் வரவில்லை, திருத்தமும் வரவில்லை.

ஆனால் விட்டுவிடுவதும் எளிதாக இல்லை. அதில் வரும் சிறுகதைகளின் தரம் குறையவில்லை. என் மனைவி இதழைப் பிரித்ததும் முதலில் அந்தப் பக்கத்துக்குத்தான் போகிறார். எங்கள் பகுதியில் கடைமடை வாய்க்கால்கள் தூர்வாரப்பட்ட விதத்தைப் பற்றி அதன் மாவட்டச் செய்தியாளர் நேரில் நடந்து பார்த்து எழுதிய கட்டுரையைப் போல வேறு எங்கும் நான் படித்ததில்லை. அரசியல் பக்கங்களுக்காக இதழையே நிறுத்தினால், இவர்களையும் சேர்த்துத் தண்டிப்பதாகாதா என்ற தயக்கம் இருக்கிறது. நெடுநாள் வாசித்த இதழை இந்தக் காரணத்துக்காக நிறுத்தியவர்கள் இங்கே இருந்தால், நிறுத்திய பிறகு என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டுகிறேன். நிறுத்தாமல் தொடர்கிறவர்களும் எப்படி வாசிக்கிறீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.


மறுமொழி: முன்னாள் துணையாசிரியர், சென்னை

ஐயா, நீங்கள் நிலைப்பாட்டையும் செய்தியில் புகுந்த சார்பையும் பிரித்துப் பார்த்திருப்பது மிகவும் சரி. பலர் இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறார்கள். தமிழ் இதழியலில் நிலைப்பாடு இல்லாத இதழ் என்று பார்த்தால் மிகச் சிலவே மிஞ்சும். 1882-இல் தொடங்கிய சுதேசமித்திரனுக்கும், 1906-இல் சென்னையில் தொடங்கி, பாரதியின் எழுத்தைத் தாங்கி, 1908-இல் அரசின் நெருக்கடியால் புதுச்சேரிக்கு இடம்பெயர்ந்த இந்தியா வார இதழுக்கும் அரசியல்தான் உயிர். 1925-இல் ஈரோட்டிலிருந்து வந்த குடி அரசும், 1937-இல் வந்த ஜனசக்தியும், 1942-இல் அண்ணா தொடங்கிய திராவிட நாடும் தாங்கள் யார் பக்கம் என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டன. அவற்றை வாங்கியவர் எதை வாங்குகிறோம் என்று தெரிந்துதான் வாங்கினார். மாற்றுக் கருத்துடையவர்களும், எதிர்த்தரப்பின் வாதம் என்ன என்று அறிந்துகொள்ள அவற்றைப் படித்தார்கள்.

குடும்ப வார இதழ்களின் வகையே வேறு. தொடர்கதை, சிறுகதை, நகைச்சுவை, ஆன்மிகம், மருத்துவம், சினிமா, அரசியல் என்று வீட்டில் உள்ள எல்லோருக்கும் ஏதாவது வைத்திருக்கும் இதழ் அது. 1926-இல் தொடங்கி 1928-இல் எஸ்.எஸ். வாசன் கைக்கு வந்த ஆனந்த விகடனும், 1941-இல் தொடங்கிய கல்கியும், 1947-இல் தொடங்கிய குமுதமும் வகுத்துக்கொடுத்த பாதை அது. அப்படிப்பட்ட இதழ், எல்லோருக்கும் பொதுவானது என்ற நம்பிக்கையின்பேரில் வீட்டுக்குள் வருகிறது. அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டே ஒரு தரப்புக்காக வேலை செய்யத் தொடங்கும்போதுதான் வாசகருக்கு ஏமாற்றப்பட்ட உணர்வு ஏற்படுகிறது. உங்களுடைய வருத்தம் அந்த இடத்தில் இருப்பதாக எனக்குப் படுகிறது.

சார்பு எப்படி உள்ளே வருகிறது என்று நான் பணியாற்றிய காலத்தில் கண்டதைச் சொல்கிறேன். யாரும் வந்து இதை எழுதாதே என்று கட்டளை இடுவது அரிது. வாரக் கூட்டத்தில் ஒரு நிருபர் ஒரு செய்தியைச் சொல்கிறார். அது குறித்து இன்னும் கொஞ்சம் விவரம் வரட்டும் என்கிறார்கள். அடுத்த வாரமும் அதே பதில். மூன்றாவது வாரம் அவர் அதைச் சொல்வதையே விட்டுவிடுகிறார். மறுதரப்பைப் பற்றிய செய்திக்கு அத்தகைய காத்திருப்பு கேட்கப்படுவதில்லை. சில மாதங்களில், எந்தச் செய்தி நிற்கும், எந்தச் செய்தி நிற்காது என்பது அந்த அறையில் இருக்கும் எல்லோருக்கும் சொல்லாமலே விளங்கிவிடுகிறது. நீங்கள் கண்டது இத்தகைய விடுபடல்களைத்தான். எழுதப்பட்ட பொய்யைக்கூட ஒருவர் மறுத்துவிடலாம். எழுதப்படாமல் விடப்பட்டதை வாசகர் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் அவர் வேறு நான்கு இதழ்களையும் படித்தாக வேண்டும். அதனால்தான் விடுபடலை நான் மிகவும் கடுமையான குற்றமாகக் கருதுகிறேன்.

இதன் பின்னால் பணம் இருக்கிறது. ஓர் இதழின் விலையாக நீங்கள் கொடுக்கும் தொகையில் முகவரின் கழிவு போக மிஞ்சுவது, தாளுக்கும் அச்சுக்கும் ஈடுகட்டுவதே கடினம். மற்றதை விளம்பரம்தான் தாங்குகிறது. பெரும் தொழில் நிறுவனங்களின் விளம்பரம் தொலைக்காட்சிக்கும் இணையத்துக்கும் போன பிறகு, அரசு விளம்பரத்தின் கனம் கூடிவிட்டது. விளம்பரம் வழங்குவதில் குறிப்பிட்ட ஊடக நிறுவனங்களுக்கு ஆதரவு காட்டக் கூடாது, எல்லா இதழ்களையும் சமமாக நடத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015 மே மாதத் தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. அப்படிச் சொல்ல வேண்டிய நிலை இருந்தது என்பதையே அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். மாநில அரசு விளம்பரமானாலும் ஒன்றிய அரசு விளம்பரமானாலும் நெருக்குதல் ஒன்றுதான். இதழ் உரிமையாளருக்குக் கல்லூரி, கட்டுமானம், திரைப்படத் தயாரிப்பு என்று வேறு தொழில்களும் இருந்தால், ஒவ்வொரு தொழிலுக்கும் ஓர் அரசு அலுவலகத்தின் கையெழுத்து தேவைப்படும்.

உங்களிடம் பழைய மார்ச் மாத இதழ்கள் இருந்தால், உள்பக்கம் ஒன்றில் சிறிய எழுத்தில் நான்காம் படிவம் என்ற அறிவிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். 1956-ஆம் ஆண்டின் விதிகளின்படி, ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி முடிந்து வரும் முதல் இதழில், அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர், உரிமையாளர், மூலதனத்தில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் வைத்திருக்கும் பங்குதாரர்கள் ஆகியோரின் விவரத்தை வெளியிட வேண்டியிருந்தது. அந்த ஏற்பாட்டுக்கு அடிப்படையாக இருந்த 1867-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2024 மார்ச் 1 முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. இதழ் மாறிவிட்டது என்று உங்களுக்குத் தோன்றிய ஆண்டையும், அந்தப் படிவத்தில் பெயர்கள் மாறிய ஆண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சில வேளைகளில் அதிலேயே விடை கிடைத்துவிடும்.

சந்தாவை நிறுத்துவது நியாயமா என்று கேட்டீர்கள். நியாயம்தான். வாசகருக்கு இதழின் மேல் இருக்கும் ஒரே அதிகாரம் அது.


மறுமொழி: ஊடகவியல் ஆய்வு மாணவி, கோயம்புத்தூர்

முன்னவர் சொன்னவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் முடிவெடுப்பதற்கு முன் இன்னொரு கோணத்தையும் ஐயா எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூன்று உளவியலாளர்கள் 1985-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 1982-இல் பெய்ரூட்டில் நடந்த படுகொலை பற்றிய ஒரே தொலைக்காட்சிச் செய்தித் தொகுப்பை, இஸ்ரேலை ஆதரித்த மாணவர்களுக்கும் அரபுத் தரப்பை ஆதரித்த மாணவர்களுக்கும் காட்டினார்கள். பார்த்தது ஒன்றே; ஆனால் இரண்டு தரப்பும் அந்தச் செய்தி தங்களுக்கு எதிராகத் தயாரிக்கப்பட்டது என்றே உறுதியாகச் சொன்னது. விவகாரத்தைக் கூடுதலாக அறிந்தவர்களிடம் இந்த எண்ணம் குறையவில்லை. மாறாகக் கூடுதலாகவே இருந்தது. அதன் பிறகு பல நாடுகளில் நடந்த ஆய்வுகளிலும் இந்தப் போக்கு காணப்பட்டது.

இதனால் ஐயா கண்டது மாயை என்று நான் சொல்லவில்லை. ஒரே வகைக் குற்றச்சாட்டுக்கு இரண்டு அளவுகோல் என்பது எண்ணிப் பார்க்கக்கூடிய ஒன்று. எண்ணிப் பார்க்க முடிந்ததை உணர்வின் கையில் விட வேண்டியதில்லை. அண்மைக்கால இதழ்களில் ஓர் ஆறு மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அரசியல் கட்டுரைக்கும், யார்மீது, எத்தனை பக்கம், பெயர் சொன்ன ஆதாரம் உண்டா, குற்றம் சாட்டப்பட்டவரின் பதில் கேட்கப்பட்டதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தலைப்பில் உள்ள கட்சியின் பெயரை மாற்றிப் போட்டு, இதே இதழ் இதை இப்படியே வெளியிட்டிருக்குமா என்று கேட்டுப் பாருங்கள். கூடவே உங்கள் வீட்டில் பழைய இதழ்கள் இருந்தால், அப்பா வாசித்த காலத்தின் தேர்தல் மாதம் ஒன்றையும் எடுத்து அதே வகையில் பாருங்கள். பழைய இதழ் நாம் நினைவில் வைத்திருக்கும் அளவுக்கு நடுநிலையாக இருந்ததா என்பதை அந்தப் பக்கங்கள்தான் சொல்ல முடியும். அன்று அதன் சாய்வும் நம்முடைய சாய்வும் ஒரே திசையில் இருந்தால் நமக்கு அது தெரிந்திருக்கவே தெரிந்திராது.

என் ஆய்வுக்காகப் பழைய வார இதழ்களைப் படிக்கிறவள் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஓர் இதழின் நேர்மையை அது யாரை ஆதரிக்கிறது என்பதைக் கொண்டு நான் அளப்பதில்லை. கையில் அதிகாரம் வைத்திருப்பவர்களுக்குப் பிடிக்காததை வெளியிட அதற்கு இயன்றதா என்று பார்க்கிறேன். 1987-இல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைத் துணுக்குக்காக அதன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழ்நாடு சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை விதித்தது. எதிர்ப்பு வலுத்ததால் சில நாள்களில் அவர் விடுவிக்கப்பட்டார். பின்னர் உயர் நீதிமன்றத்துக்குப் போய் அந்தத் தண்டனை செல்லாது என்று தீர்ப்பும் பெற்றார். 2025 பிப்ரவரியில் பிரதமரைப் பற்றிய ஒரு கேலிச்சித்திரத்துக்காக அதே நிறுவனத்தின் இணையதளம் முடக்கப்பட்டு, மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவின்படி, அந்தச் சித்திரத்தைத் தற்காலிகமாக நீக்கும் நிபந்தனையோடு திறக்கப்பட்டது. முதல் நிகழ்வில் மாநிலத்தை ஆண்டவர்கள். இரண்டாவதில் ஒன்றியத்தை ஆள்பவர்கள். அந்த நிறுவனத்தின் அரசியல் நமக்குப் பிடிக்கிறதா என்பது இங்கே பொருட்டில்லை. உங்கள் இதழ் கடைசியாக எப்போது, ஆட்சியில் இருக்கும் யாருக்கு உறுத்தலாக இருந்தது என்று தேடிப் பாருங்கள். நீங்கள் விவரித்த கடைமடை வாய்க்கால் கட்டுரை அந்த வகையைச் சேர்ந்ததாக எனக்குத் தோன்றுகிறது. அப்படி எழுதும் ஒருவரை இன்னும் வைத்திருக்கும் இதழை உடனே கைவிட என் மனம் ஒப்பவில்லை.


மறுமொழி: வாசகி, மதுரை

நான் நிறுத்தியவள், எனவே நிறுத்திய பிறகு என்ன ஆயிற்று என்ற கேள்விக்குப் பதில் சொல்லலாம் என்று எழுதுகிறேன். என் இதழும் வேறு ஒன்று. அதன் சாய்வும் ஒருவேளை உங்களுடையதற்கு எதிர்ப்பக்கமாக இருக்கலாம். ஒரு சமூகத்தையே குற்றவாளிகளாகக் காட்டும் தொனியில் அதில் கட்டுரைகள் வரத் தொடங்கியபோது, எங்கள் தெருவில் பல ஆண்டுகளாக எங்களோடு பழகும் குடும்பத்தின் பெண்பிள்ளை வந்து உட்காரும் கூடத்தில் அந்த இதழ் கிடப்பது எனக்கே பொறுக்கவில்லை. ஆய்வு மாணவி சொல்வது போல எண்ணிப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும் என்பது பொதுவாகச் சரி. ஆனால் சில வேளைகளில் எண்ண வேண்டியதே இல்லை, அம்மா. மனிதர்களை இழிவுபடுத்தும் ஒரு கட்டுரை போதும். அதை ஈடுசெய்ய மறுதரப்பைப் பற்றி இன்னொரு இழிவான கட்டுரை வந்ததா என்று தேடிக்கொண்டிருக்க முடியாது. ஒருசார்பும் வெறுப்பும் வேறு வேறு. முதலாவதோடு வாழ்ந்து பழகலாம். இரண்டாவதற்கு நான் காசு கொடுக்க மாட்டேன்.

நிறுத்திய பிறகு நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. இதழ் வந்த காலத்தில் என் மாமியாரும் நானும் என் மகளும் ஒரே கதையைப் படித்து அதைப் பற்றிப் பேசுவோம். அது நின்றபோது அந்தப் பேச்சும் நின்றுவிட்டது. மாமியார் அந்த நேரத்தை வாட்ஸ்அப்பில் செலவிடத் தொடங்கினார். அங்கே வந்தவற்றுக்கு ஆசிரியர் இல்லை, முகவரி இல்லை, திருத்தம் கேட்க இடமும் இல்லை. நான் விட்ட இதழில் ஒருசார்பாவது ஒருவருடைய பெயரின் கீழ் வந்தது. சார்புள்ள இதழை நிறுத்துகிறவர்கள் அந்த இடத்தில் எதை வைக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ள வேண்டும் என்பதை ஐயாவுக்கும் மற்றவர்களுக்கும் அழுத்திச் சொல்கிறேன்.

எனக்கு வழி காட்டியது நூலகம்தான். 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி நாம் செலுத்தும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. அப்படியிருந்தும் பருவ இதழ்ப் பகுதியில் போய் உட்காருகிறவர்கள் குறைவு. மதுரையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு மகளை அழைத்துப் போகத் தொடங்கினேன். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இதழ்கள் அங்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒரே வாரத்தில் ஒரே நிகழ்வைப் பற்றி இரண்டிலும் படித்துவிட்டு, ஒன்றில் இருந்து மற்றொன்றில் விடுபட்டது எது என்று அவளே கண்டுபிடித்துச் சொல்கிறாள். முன்னாள் துணையாசிரியர் ஐயா நான்கு இதழ்களைப் படித்தாக வேண்டும் என்றார்; நான்குக்கும் சந்தா கட்ட நம்மால் இயலாது, ஆனால் படிக்க இயலும். மாமியாருக்காகச் சிறுகதைகள் நன்றாக இருக்கும் வாரத்தில் மட்டும் கடையில் ஓர் இதழ் வாங்கிக் கொடுக்கிறேன். அதுவும் நான் நிறுத்திய இதழ் அன்று.


மறுமொழி: நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வாசகர்

இங்கே அண்மையில் பெரிய அளவில் நடந்த ஒன்றை நீங்கள் அறிந்திருக்கலாம். 2024 அக்டோபரில், அதிபர் தேர்தலுக்குச் சில நாள்களே இருந்தபோது, வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் இனி அதிபர் வேட்பாளர் எவரையும் ஆதரித்துத் தலையங்கம் எழுதப்போவதில்லை என்று அறிவித்தது. கமலா ஹாரிஸை ஆதரித்து வரைவு தயாராகியிருந்த நிலையில், அதன் உரிமையாளரான ஜெஃப் பெசோஸ் அதை நிறுத்தினார் என்ற செய்தியும் வெளிவந்தது. சில நாள்களுக்குள் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் சந்தாவை விலக்கிக்கொண்டதாக இங்குள்ள பொது வானொலி தெரிவித்தது; மொத்தச் சந்தாதாரர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர். உங்கள் இதழில் நடந்ததற்கு இது ஒரு வகையில் நேர்மாறானது: அங்கே சார்பு எடுத்ததற்காக வாசகர் விலகுகிறார், இங்கே சார்பு எடுக்காமல் பின்வாங்கியதற்காக விலகினார்கள். காரணத்தில் மட்டும் ஒற்றுமை உண்டு. அந்த முடிவு வாசகருக்காக எடுக்கப்பட்டதா, உரிமையாளரின் மற்ற நலன்களுக்காக எடுக்கப்பட்டதா என்ற ஐயம்தான் இரண்டு இடத்திலும் வாசகரை வெளியே தள்ளியது.

அப்போது அந்த நாளிதழின் செய்தியாளர்கள் பலர், சந்தாவை நிறுத்த வேண்டாம், நீங்கள் விலகினால் உரிமையாளருக்கு ஒன்றும் ஆகாது, வேலை இழப்பவர்கள் நாங்கள்தான் என்று வேண்டிக்கொண்டார்கள். உங்கள் மாவட்டச் செய்தியாளரைப் பற்றிய தயக்கமும் அதே தயக்கம்தான். எனக்கு அந்த வாதத்தில் உண்மை இருப்பதாகப் படுகிறது. ஆனால் அதை முழுவதும் ஏற்றுக்கொண்டால், நல்ல செய்தியாளர் ஒருவர் இருக்கும் வரை எந்த இதழையும் வாசகர் கேள்வி கேட்க இயலாது என்றாகிவிடும். ஒரு வாசகர் விலகினால் அது அவருடைய சொந்த விவகாரம். லட்சக்கணக்கானவர்கள் ஒரே வாரத்தில் ஒரே காரணத்தைச் சொல்லி விலகினால் அதை எவராலும் மறைக்க முடியாது. அங்கே தமிழில் நடப்பது முதல் வகை என்றே நினைக்கிறேன். ஒவ்வொருவராகச் சத்தமில்லாமல் நின்றுவிடுகிறார்கள். கல்கி போன்ற பழைய இதழே 2020-இல் அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போன காலத்தில், உங்கள் சந்தா நின்றால் இதழின் விற்பனைப் பிரிவு அதற்கு என்ன காரணம் எழுதிக்கொள்ளும்? கைப்பேசி வந்ததால் இன்னொரு வீடு படிப்பதை விட்டுவிட்டது என்றுதான் எழுதிக்கொள்ளும். ஆசிரியர் அறைக்கு அந்தச் செய்தி போய்ச் சேரும்போது, மாற்ற வேண்டியது அரசியல் பக்கம் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். சினிமாப் பக்கத்தைக் கூட்டலாம் என்றே நினைப்பார்கள். ஆகவே நிறுத்துவதானால் காரணத்தை எழுதிக் கொடுத்துவிட்டு நிறுத்துங்கள்.

பிரஸ் கவுன்சிலில் முறையிடலாமே என்று யாராவது சொல்லக்கூடும். அங்கே என்ன நடக்கும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நல்லது.


மறுமொழி: முன்னாள் துணையாசிரியர், சென்னை

அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்தியப் பிரஸ் கவுன்சில், இதழ் நெறியை மீறியவர்களை எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதம் விதிக்கவோ இதழை நிறுத்தவோ அதற்கு அதிகாரம் இல்லை. முதலில் ஆசிரியருக்கு எழுதி, அவர் சரிசெய்யாத பிறகே அங்கே போக வேண்டும். வார இதழானால் கட்டுரை வெளியான இரண்டு மாதத்துக்குள் முறையீடு போய்ச் சேர வேண்டும். பிழையான தகவல், குற்றம் சாட்டப்பட்டவரின் பதிலைக் கேட்காமை, விளம்பரத்தைச் செய்தியாக வெளியிடுதல் போன்றவற்றை அங்கே கொண்டுபோகலாம். 2009 மக்களவைத் தேர்தலின்போது காசு வாங்கிக்கொண்டு வெளியிடப்பட்ட செய்திகளைப் பற்றி அது துணைக்குழு அமைத்து ஆராய்ந்து, மறு ஆண்டு அறிக்கை வெளியிட்டதும் உண்டு. ஆனால் ஓர் இதழ் ஒரு கட்சியின் பக்கம் சாய்கிறது என்பது மட்டுமே குறையானால், அது சட்டத்துக்குள் வராது, வரவும் கூடாது. இன்று உங்களுக்குப் பிடிக்காத சாய்வைத் தண்டிக்கும் அதிகாரத்தை ஓர் அமைப்பிடம் கொடுத்தால், நாளை ஆட்சிக்குப் பிடிக்காத இதழ்களின்மீது அது பாயும்.

மதுரை வாசகி அம்மா வெறுப்பையும் சார்பையும் பிரித்துச் சொன்னதை முழு மனத்தோடு ஏற்கிறேன். நான் முதலில் எழுதியபோது அதைச் சேர்த்துச் சொல்லவில்லை.


கேட்டவரின் மறுமொழி: பழைய சந்தாதாரர், கும்பகோணம்

எல்லோருக்கும் என் நன்றி. மாணவி கேட்டுக்கொண்டபடி அண்மை மாதங்களின் இதழ்களை எடுத்து வைத்து, மனைவியையும் உடன் உட்கார வைத்துப் பார்த்தேன். அவர் எந்தக் கட்சியையும் சாராதவர். அதனால் தலைப்பை மறைத்துக் கட்டுரையை மட்டும் படிக்கச் சொல்லி, ஆதாரம் இருக்கிறதா என்று அவரிடம் கேட்டேன். ஒரு தரப்பைப் பற்றிய கட்டுரைகளில் பெயர் சொன்னவரின் கூற்று பெரும்பாலும் இல்லை; மறுதரப்பைப் பற்றிய கட்டுரைகளே மிகக் குறைவு. அண்மை மாதங்களைப் பொறுத்தவரை இதழ் சாய்ந்திருக்கிறது என்பதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அப்பா காலத்து இதழ்கள் எங்களிடம் முழுமையாக இல்லை. தொடர்கதைகளை மட்டும் பிரித்துத் தைத்த தொகுப்புகள்தான் இருக்கின்றன. ஆகவே அந்தக் காலத்தைப் பற்றி நான் முன்பு சொன்னதை உறுதிப்படுத்த எனக்கு வழி இல்லை.

ஆண்டுச் சந்தாவைப் புதுப்பிப்பதில்லை என்று முடிவுசெய்திருக்கிறோம். மனைவிக்காகக் கடையில் வாரந்தோறும் புரட்டிப் பார்த்து, கதையோ எங்கள் பகுதியைப் பற்றிய கட்டுரையோ நன்றாக இருந்தால் அந்த இதழை மட்டும் வாங்குவோம். இதற்கான காரணத்தைச் சந்தாப் பிரிவுக்கு எழுதப் போகிறேன். முன்பு அனுப்பிய கடிதத்துக்குப் பதில் வராததால், இதை யாருக்கு, எப்படி எழுதினால் ஒருவராவது படிப்பார் என்று ஐயா சொன்னால் நல்லது.


மறுமொழி: முன்னாள் துணையாசிரியர், சென்னை

சந்தாப் பிரிவுக்கு மட்டும் எழுதினால் அது ஆசிரியர் குழுவை எட்டாது. ஆசிரியருக்கு மட்டும் எழுதினால் வருமானத்தில் ஏற்பட்ட இழப்போடு அது சேர்த்துப் பார்க்கப்படாது. ஆகவே ஒரே கடிதத்தை இருவருக்கும் அனுப்பி, மற்றவருக்கும் படி அனுப்பப்பட்டுள்ளது என்று கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். சந்தா எண்ணையும், எந்தக் காலம் முதல் உங்கள் வீட்டுக்கு இதழ் வருகிறது என்பதையும் முதல் பத்தியில் எழுதுங்கள். பொதுவாக ஒருசார்பாக இருக்கிறது என்று எழுதினால், எதிர்க்கட்சிக்காரர் ஒருவரின் கடிதம் என்று ஒதுக்கிவிடுவார்கள். நீங்களும் மனைவியும் பார்த்த கட்டுரைகளில் மிகத் தெளிவான இரண்டை அல்லது மூன்றை எடுத்து, இதழின் தேதி, பக்க எண், அதில் இல்லாத ஆதாரம் ஆகியவற்றை மட்டும் எழுதுங்கள். முன்பு சுட்டிக்காட்டிய தகவல் பிழை இன்னும் திருத்தப்படவில்லை என்பதையும் தேதியோடு சேர்த்துக்கொள்ளுங்கள். கடைமடை வாய்க்கால் கட்டுரையைப் பாராட்டி, அதை எழுதியவரின் பெயரைக் குறிப்பிட்டு ஒரு பத்தி கட்டாயம் எழுதுங்கள். வாசகர் கடிதத்தில் பெயர் சொல்லிப் பாராட்டப்பட்ட செய்தியாளருக்கு அடுத்த கூட்டத்தில் பக்கம் கேட்பது எளிதாகிறது. இதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். சந்தா முடிவதற்குள் கடிதம் அவர்கள் கையில் கிடைத்துவிடும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.